எந்தச் சிவப்பு?

தெப்ரெத்ஸென் நகரில் ஒன்றாம் எண் டிராம்
ரயில் நிலையத்தில் கிளம்பி
எங்கள் மருத்துவமனையை உரசிக்கொண்டு
காட்டுக்குள் போய்த் திரும்பும்.
பத்தொன்பது வருடம் அதை ஓட்டியவர் ஹல்மோஷ் கெல்லேர்ட்.
மார்ச்சிலிருந்து அது இரண்டாக வருகிறதாம்.
ஒன்று தண்டவாளத்தில்,
இன்னொன்று சற்று மேலே, மரக்கிளையில்.

சண்டை தொடங்கியது கழுத்தில்.
கல் விழுந்தது கண்ணுக்குப் பின்னால்.
தசை வீங்கிற்று, கொழுப்பு வீங்கிற்று,
எலும்புக் கிண்ணம் மட்டும் அதே அளவு.
வேலை மிகுந்தால் முழி பிதுங்குகிறது என்போம்;
இவருக்கு வேலையிலிருந்து நிறுத்திய பிறகும் பிதுங்குகிறது.
கண்ணை இமை காப்பதுபோல் என்று
இவர் வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது.
இரவில் களிம்பு தடவி
சமையலறை பிளாஸ்டிக் தாளைக் கண்மேல் ஒட்டித் தூங்குகிறார்.

பன்னிரண்டு வாரம் ஸ்டீராய்டு.
முகம் உப்பியது.
டிராம் இரண்டாகவே இருந்தது.

இனி கதிர்.
இருபது கிரே, பத்து நாள்.
அளவில் தகராறு இல்லை, வழியில்தான்.

பழைய வழி:
இடப்பொட்டிலிருந்து ஒரு கற்றை, வலப்பொட்டிலிருந்து ஒன்று.
லென்ஸுக்குப் பின்னால் பாதியை மறைக்க ஒரு சுவர்.
சதுரம். ஒளிவுமறைவு கிடையாது.
எலும்புக்கும் தசைக்கும்
பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் ஒரே அகப்பை.

அடுத்தது ஏழு திசைகளிலிருந்து.
உலோகத் தகடுகள் விரல்விரலாய் நகர்ந்து
தசையின் உருவத்தை வெட்டியெடுக்கும்.
கண்ணீர்ச் சுரப்பிக்குக் கொஞ்சம் இரக்கம்.
நேரம் பிடிக்கும்.

பிறகு, வில்லாய் வளைந்து சுற்றுவது.
இரண்டே நிமிடம்.
திரையில் சிவப்பு தசையைக் கையுறைபோல் பற்றியிருக்கிறது.
வெளிர்நீலம்தான் உறுத்துகிறது,
கொஞ்சூண்டு கதிர், மூடுபனியாய்
மூளையின் முன்மடல்வரை.
ஐம்பத்திரண்டு வயதில் இது எவ்வளவு கடன்?
முப்பது என்றால் கணக்கே வேறு.

டாக்டர் லெங்கெயி கேட்டார்,
"லென்ஸுக்கு எவ்வளவு?"
பழையதைவிட மயிரிழை கூட என்றேன்.
அந்த மயிரிழையில் ஒரு மாலைப்பொழுது போனது.

முதல் நாள்.
போக்லார்க்கா முகவலையைத் திருகிப் பூட்டினாள்.
கூரையில் சிவப்பு விளக்கு.
"அதையே பாருங்கள், கண்ணை அசைக்காதீர்கள்."

வலைக்குள்ளிருந்து அமுங்கிய குரல்:
"எந்தச் சிவப்பை?
இரண்டு இருக்கிறதே."

நான் வரைந்த கோடெல்லாம்
ஒற்றைப் பார்வையை நம்பி வரைந்தது.
ஸ்கேன் எடுத்த அன்று எதைப் பார்த்தார்?
யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.
லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால்
என் மயிரிழை எங்கே நிற்கும்?

இறக்கிவிட்டோம்.
மறுபடி ஸ்கேன், இந்த முறை சொல்லிவைத்து:
கீழே இருக்கும் சிவப்பை.

மூன்றையும் திரும்பப் போட்டேன்.
எண்கள் கொஞ்சம் கொஞ்சம் இடம் மாறியிருந்தன,
பேருந்தில் இருக்கை மாற்றிக்கொண்டவர்கள்போல.
எவ்வளவு நேரம் ஒரே இடத்தைப் பார்க்க முடியும் என்றேன்.
யோசித்தார்.
"இரண்டு நிறுத்தத்துக்கு இடையில் ஆகிற நேரம்."
அப்படித்தான் வில் ஜெயித்தது.
அறிக்கையில் வேறு காரணம் எழுதினேன்.

ஜனவரியில் வந்தார்.
வலி இல்லை. இமை ஏறக்குறைய எட்டுகிறது.
ஓட்ட இன்னும் அனுமதி இல்லை;
பணிமனையில் டிராம்களின் பெட்டிகளில் மணல் நிரப்புகிறார்,
பனியில் சக்கரம் வழுக்காமலிருக்க.

ஜன்னலுக்கு வெளியே ஒன்றாம் எண் போயிற்று.
எத்தனை என்று நான் கேட்கவில்லை.
அவரே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தூக்கி
நடுவே இருந்த வெளிச்சத்தை
மெல்லக் குறுக்கிக் காட்டினார்,
இவ்வளவுதான், இவ்வளவு,
கோதுமை மணி ஒன்று நுழையும் அளவில் நிறுத்தினார்.

சிகரெட் பிடிக்கும் விரல்கள்.
நுனி இரண்டும் இன்னும் மஞ்சளாகவே இருந்தன.